கண்மாய்க் கணக்கில் இல்லாத மீன்காரர்கள்

மாசி பிறந்துவிட்டால் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வரும். முழங்கால் அளவுச் சேற்றில் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள். கையில் ஊத்தா, கச்சா, பறி, கொசுவலை. கரையில் நிற்கும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் இறங்கியவர்கள் அவர்கள். சிங்கம்புணரி, திருப்பத்தூர், மேலூர், பொன்னமராவதி வட்டாரங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழா அது. 'சாதி, மத வேறுபாடின்றி' என்ற சொல்லும் அந்தச் செய்தியில் இருக்கும். அன்று ஒரு நாள் அது உண்மையும்கூட. யார் எந்தத் தெரு என்று சேற்றில் யாரும் கேட்பதில்லை.

ஆண்டின் மற்ற நாள்களில் அதே கண்மாயில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பது வேறு கதை. அந்தக் கதையைத்தான் மாறிவரும் மழை இன்னும் கடுமையாக்கிக்கொண்டிருக்கிறது.

கடற்கரையே இல்லாத சிவகங்கை மாவட்டத்தில் மீன் தொழில் என்றால் பொதுவாக நினைவுக்கு வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர், ஏலம் எடுத்துக் குஞ்சு விட்டு, வண்டியில் மீன் ஏற்றி அனுப்பும் குத்தகைதாரர். இன்னொருவர், பண்ணைக்குட்டை வெட்டி மானியம் வாங்கிய விவசாயி. மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார். கண்மாய்க் கரைக்குக் கீழே, மறுகால் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் உள்ள காலனியில் அவர் வீடு. நிலம் இருக்காது, இருந்தால் மானாவாரித் துண்டு. ஆண்டில் சில மாதம் நடவு, களை, அறுப்பு; சில மாதம் சூளை வேலையோ கரும்பு வெட்டோ. இடையில் மீன். தின்பதற்கும் அது, விற்பதற்கும் அது. எந்தப் பதிவேட்டிலும் இவர் மீனவர் இல்லை.

நான் வளர்ந்தது அப்படியொரு காலனியில். அம்மா களை எடுக்கப் போன நாள்கள் அதிகம், மீன் கூடையோடு போன நாள்கள் குறைவு. ஆனாலும் கைமாத்து வாங்காமல் எங்கள் வீட்டில் கழிந்த மாதங்கள் மீன் கிடைத்த மாதங்கள்தாம்.

ஐப்பசி முதல் சித்திரை வரை

கண்மாய் மீன்பிடிப்பு என்றால் வலை வீசி இழுப்பது மட்டும் என்று நினைக்கக் கூடாது. அதற்கு ஒரு பருவச் சுற்று உண்டு.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து வரத்துக்காலில் புதுத் தண்ணீர் இறங்குகிற இரவில், மீன் தண்ணீரை எதிர்த்து ஏறும். கெண்டை, குறவை, கெளுத்தி, அயிரை எல்லாம் முட்டையிட இடம் தேடி வாய்க்கால், வயல் என்று ஏறிப் போகும். அரிக்கேன் விளக்கோடு நாங்கள் வரத்துக்காலில் நிற்போம். அப்பா இரண்டு கல்லுக்கு நடுவே பறியைப் பதித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். விடியலில் போய் எடுத்தால் அன்றைய பாடு முடிந்தது. கார்த்திகை, மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது நடுத்தண்ணீரில் எங்களுக்கு வேலையில்லை. கலுங்கு வழிகிற இடத்திலும் வயல் வாய்க்காலிலும் கிடைப்பதுதான். தையில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் ஊத்தா. அடியும் முடியும் திறந்த மூங்கில் கூடை அது. கலங்கிய தண்ணீரில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனைப் பிடிக்க வேண்டும். சித்திரையில் கடைசிக் குட்டையின் சேற்றைக் காலால் மிதித்துப் பார்த்தே விரால் எங்கே புதைந்திருக்கிறது என்று சொல்லும் பெண்கள் எங்கள் தெருவில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

பொடிமீன், நண்டு, நத்தை பெண்களின் கணக்கு. முள்ளோடு தின்கிற பொடிமீனில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ சத்தும் மிகுதி என்று ஊட்டச்சத்து அறிஞர்கள் சொல்கிறார்கள். பால் வாங்க வழியில்லாத வீடுகளில் பிள்ளைகளின் எலும்பு வளர்ந்தது இதில்தான்.

அம்மா ஊர்த் தெருவுக்கு விற்கப் போவார். மீனுக்குத் தீட்டு கிடையாது. அதைக் கொண்டுவந்த கைக்குத்தான். காசைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அம்மா எடுத்துக்கொள்வார். கேட்டால், "காசு காசுதான்டா" என்பார்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென் மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்தவர்கள், கரை காத்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நிறைந்த கண்மாயில் மூச்சடக்கி மூழ்கி மடைக்கல்லைத் தூக்குவது, மழை இரவில் கரையைச் சுற்றி வருவது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று தண்ணீரைத் திருப்புவது எல்லாம் அவர்கள் வேலை. கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் நெல். தண்ணீரின் போக்கு ஊரில் வேறு எவரையும்விட அவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரிலும் அதிலுள்ள மீனிலும் பங்கு கேட்கும் உரிமை மட்டும் வந்ததில்லை.

தண்ணி நிக்கணும்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மாநிலத்தின் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவை நம்பியிருப்பது அந்த மூன்று மாதத்தைத்தான். நீர்த்தேக்கத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் கண்மாய்களுக்கு வேறு கதி இல்லை.

2016-ல் அந்த மழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நிலவரி தள்ளுபடியானது, பயிர் கருகியவர்களுக்கு நிலத்தின் அளவைப் பார்த்து நிவாரணம் கிடைத்தது. அது போதுமா, போதாதா என்பது தனி விவாதம். ஆனால் ஒரு பட்டியலாவது இருந்தது. கண்மாய் நிறையாததால் அந்த ஆண்டு முழுக்க ஒரு பறி மீன்கூட எடுக்காத வீடுகளுக்குப் பட்டியலே இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தத் தையிலேயே பெட்டி படுக்கையோடு சூளைக்குப் போனார்கள். போகும்போது வாங்கிய முன்பணத்தை அடைக்கச் சிலருக்கு மூன்று ஆண்டு ஆனது.

மழை குறைவது ஒரு பக்கம். ஒரே அடியாகக் கொட்டுவது இன்னொரு பக்கம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிற வாய்ப்பும் கூடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஓராண்டு மழைக்கும் மேலானது அது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன.

குளம் உடைந்தால் மீன் எல்லாம் தெருவுக்கு வரும், ஏழைக்குக் கொண்டாட்டம்தானே என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கொண்டாட்டம்தான். பிறகு? உடைந்த கரையை அடைத்து முடிப்பதற்குள் மழைக்காலம் போய்விடும். உடைந்த கண்மாயில் அந்த ஆண்டுக்குத் தண்ணீர் நிற்காது. பேரேட்டில் 'வெள்ள ஆண்டு' என்று எழுதப்படுவது மீன்காரருக்கு வறட்சி ஆண்டு. அதோடு, வெள்ளம் முதலில் புகுவது மறுகால் பள்ளத்தில் இருக்கும் வீடுகளில். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்தது தற்செயல் அல்ல. பறியும் ஊத்தாவும் வலையும் அந்த வீடுகளின் எறவாணத்தில்தான் செருகியிருக்கும். வீட்டோடு அவையும் போகும்.

"மழ பேஞ்சா போதாதுடா, தண்ணி நிக்கணும்" என்று அம்மா சொல்வார். பருவநிலை மாற்றத்தைப் பற்றி நான் படித்த பல அறிக்கைகளைவிட அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மீனுக்கு வேண்டியது மழையின் மொத்த அளவு அல்ல. தண்ணீர் நிற்கிற மாதங்கள். ஏறி வந்த மீன் இட்ட முட்டை பொரிந்து, குஞ்சு கண்மாய்க்குத் திரும்பும்வரை வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வேண்டும். ஒரே நாளில் கொட்டிவிட்டு அடுத்த பத்து நாள் காய்ந்தால் முட்டை கரையிலேயே காய்ந்துபோகும்.

மூன்றாவது, வெயில். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும் என்றால், 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்குக் குறையும். தண்ணீர் சூடேறும்போது மீனின் மூச்சுத் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். பாசி மண்டிய ஆழமற்ற கண்மாயில் இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கோடையில் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பழி எழுவதும் அப்போதுதான். அந்தப் பழி எந்தத் தெருவை நோக்கித் திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

களை மீன் என்றொரு பெயர்

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. குத்தகைதாரர்கள் விடுவதும் மீன்வளத் துறை ஊக்குவிப்பதும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளை. வேகமாக வளரும், எடை நிற்கும், சந்தை உண்டு. ஆனால் அவற்றுக்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். விற்கும் அளவுக்கு வளரப் பல மாதம் தண்ணீர் நிற்கவும் வேண்டும். விரால், குறவை, கெளுத்தி, தேளி அப்படியல்ல. இவற்றில் பெரும்பாலானவை காற்றைக் குடித்தும் உயிர் வாழத் தெரிந்தவை. தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். விரால் ஈரச் சேற்றில் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வறட்சிக்கும் வெயிலுக்கும் ஏற்ற மீன் என்று ஒன்றைத் தேடினால் அது நம் கண்மாயிலேயே இருந்தது.

மீன் வளர்ப்புப் பாடத்தில் இவற்றுக்கு வேறு பெயர்: 'களை மீன்', 'கொன்றுண்ணி மீன்'. குஞ்சு விடுவதற்குமுன் இவற்றை ஒழிக்க வேண்டும். பண்ணைக்குட்டைகளில் இதற்காக இலுப்பைப் பிண்ணாக்கு போடுவார்கள். தங்கள் பெருங்கெண்டைக் குஞ்சைத் தின்றுவிடும் என்ற குத்தகைதாரரின் பயம் பொய்யல்ல. விரால் தின்னத்தான் செய்யும். ஆனால் அந்தக் களை மீன்தான் காலனியின் மீன். இவற்றோடு ஜிலேபியும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்து எல்லா நீர்நிலையிலும் பெருகிவிட்ட அது நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு தடை செய்யப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஒழிந்தபாடில்லை. அயிரை இன்று மதுரை ஓட்டல்களில் விலை உயர்ந்த குழம்பு. அதை அரிகூடையில் அள்ளிய பெண்களின் வீட்டில் அது வருவதே அரிதாகிவிட்டது.

ஏலம் யாருக்கு?

கண்மாய் மீன்பாசி குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் போகும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஒன்றியம், ஊராட்சியிடமும் இருக்கின்றன. அரசு ஏலத்தில் தலித் ஒருவர் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. முன்வைப்புத் தொகை, குஞ்சுக்கும் காவலுக்கும் முதல், எல்லாவற்றுக்கும் மேல், எதிர்த்துக் கேட்டுவிட்டு மறுநாள் அதே ஊரில் வேலைக்குப் போகும் துணிவு ஆகியவைதான் தடை.

அரசு ஏலத்துக்கு வெளியே 'ஊர் ஏலம்' என்ற ஒன்றும் உண்டு. எழுத்து இல்லாத ஏலம். பணம் கோயில் கணக்கில் சேரும். அந்தக் கோயிலுக்குள் காலனிக்காரர் வர முடியாது என்றால், பொதுக் கண்மாயின் மீன் யாருடைய சொத்தாகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஒரு பங்குனியில் அப்பாவின் வலையை அறுத்துப்போட்டார்கள். குத்தகைக் கண்மாயில் இறங்கினார் என்பது குற்றம். அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அவர் இறங்கியிருக்கிறார். 'ஓரத்தில் பொடிமீன் அள்ளிக்கிட்டுப் போகட்டும்' என்று விட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. தண்ணீர் இடுப்பளவு. குஞ்சு வாங்கிய கடன் குத்தகைதாரருக்கு நெருக்கடி. ஊர்க்கூட்டத்தில் அபராதம் போட்டார்கள். அப்பா கட்டினார். அந்தக் காசு அறுப்புக் கூலியில் பிடிக்கப்பட்டது.

இத்தனை ஆண்டு கழித்து அந்தச் சம்பவத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு விளங்குவது இதுதான். தண்ணீர் தாராளமாக இருந்தவரை விலக்கு தளர்வாக இருந்தது. எங்களுக்கு இருந்தது உரிமை அல்ல. கண்டும் காணாமல் விடப்பட்ட ஒரு சலுகை. தண்ணீர் சுருங்கியதும் முதலில் பறிபோனது அந்தச் சலுகை. மழை தவறுகிற ஆண்டுகள் கூடக் கூட, கண்மாய் ஓரம் நமக்கு மூடப்படுகிற ஆண்டுகளும் கூடும். பருவநிலை மாற்றம் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு வறட்சிப் பங்குனியில் கண்மாய்க் கரையில் நின்று பார்க்கலாம்.

ஊராட்சித் தலைவர் நாற்காலியோடு சேர்ந்து வருவது கண்மாய், புறம்போக்கு, மரம், மீன் ஆகியவற்றின் மீதான கையெழுத்து. 1996-ல் தனி ஊராட்சிகள் வந்தபோது மேலவளவில் என்ன நடந்தது, 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதை இந்தப் பகுதி வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த நாற்காலியின்மீது அவ்வளவு வெறி ஏன் என்று கேட்பவர்கள் அந்தக் கையெழுத்தின் மதிப்பையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக் குளம் பொதுவானது என்று நிறுவுவதற்காக அது. நூறாண்டு நெருங்குகிறது. குடிக்கும் தண்ணீருக்கான அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான் குளத்து மீனுக்கான சண்டையும்.

சட்டத்தில் இருப்பது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பலருக்குத் தெரியாது. ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரைத் தடுப்பது குற்றம் என்று பிரிவு 3(1)(za) சொல்கிறது. ஆறு, ஓடை, கிணறு, குளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நிலத்தின் மீதும் தண்ணீர், பாசன வசதியின் மீதும் உள்ள உரிமையை அனுபவிப்பதில் தலையிடுவது பிரிவு 3(1)(g)-யின் கீழ் வரும்.

முறையாகக் குத்தகைக்கு விடப்பட்ட கண்மாயில் யார் வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. குத்தகைதாரருக்கு அங்கே சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அரசு ரசீது இல்லாத ஊர் ஏலத்தின் பெயரால் ஒருவரை விரட்டுவதும், ஏலம் கேட்க வந்தவரைச் சாதியால் மிரட்டுவதும், ஊர்க்கூட்டம் போட்டு அபராதம் விதிப்பதும் வேறு. புகார் கொடுக்கிறவர்கள் அந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஊராட்சியிடமோ நீர்வளத் துறையிடமோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குத்தகை ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆணையே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலும் சான்றுதான்.

கணக்கெடுப்பில் பறவை உண்டு

திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நல்ல செய்தி, ஆண்டுதோறும் எழுதுகிறோம். அங்கே வந்து மீன் தின்னும் நாரைக்கும் கொக்குக்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. அதே வட்டாரக் கண்மாய்களில் மீன் பிடித்துத் தின்னும் மனிதர்களுக்குக் கணக்கெடுப்பு இல்லை. பறவையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

கணக்கில் இல்லாததால் என்ன நட்டம் என்று பார்க்கலாம். கடல் மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு. போராடிப் பெற்றது, நியாயமானது. கண்மாய் வற்றிய மாதங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பேரிடர் நிவாரண விதிகளில் மீனவர் தலைப்பில் இருப்பவை படகு, வலை, மீன்குஞ்சுப் பண்ணை. எறவாணத்தோடு அடித்துப்போன பறிக்கும் ஊத்தாவுக்கும் அதில் இடமில்லை. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 60 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 40 விழுக்காட்டைக் கையிலிருந்து போட வேண்டும். குட்டை வெட்டச் சொந்த நிலமோ குத்தகை ஆவணமோ வேண்டும். நாட்டில் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் வசம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மானியத்தின் வாசல் வரைக்குமே போக முடியாத திட்டம் இது.

கண்மாய் நிர்வாகத்திலும் அதேதான். 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்கு ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கு. 2017-ல் 100 கோடி ரூபாயில் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது வேலை போனது ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கு. நூறு நாள் வேலையில் கண்மாயையும் வரத்துக்காலையும் தூர் வாரிய பெண்களுக்கு எந்தப் பள்ளத்தை எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று சொல்லும் இடம் அந்தச் சங்கங்களில் இல்லை. மடையை எப்போது அடைப்பது, கடைசித் தண்ணீரை இறைத்துவிடலாமா என்ற முடிவும் அவர்கள் இல்லாத கூட்டத்தில்தான்.

கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. கண்மாயின் உள்வாயில், மடைமட்டத்துக்குக் கீழே பாசனத்துக்கு எடுக்க முடியாத ஆழத்தில் ஒரு பள்ளம் விட்டுவைத்தால் நாட்டு மீனுக்கு அது கோடைப் புகலிடம். ஆயக்கட்டுக்கு அதனால் நட்டமில்லை. அடுத்த ஐப்பசியில் ஏறும் மீன் அங்கிருந்துதான் வர வேண்டும். வண்டல் மண் எடுக்கும்போதே செய்துவிடலாம். கூடுதல் செலவு கிடையாது. சிறிய ஊராட்சிக் கண்மாய்களில் சிலவற்றின் மீன்பாசியைப் பொது ஏலத்துக்கு விடாமல் தலித் மகளிர் குழுக்களுக்குக் குறைந்த தொகையில் ஒதுக்கலாம். மழை தவறிய பசலியில் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்யலாம். நிலவரிக்குச் செய்யும்போது இதற்கு ஏன் கூடாது?

மீனவர் நலவாரியப் பதிவும் முக்கியம். 2007-ல் வந்த அந்தச் சட்டம் மீன்பிடிப்பிலும் சார்பு வேலைகளிலும் ஈடுபடும் தொழிலாளர்களுக்கானது. ஒரு சாதிக்கானது அல்ல. 'நீங்க மீனவர் சாதி இல்லையே' என்று ஓர் அலுவலகத்தில் எங்கள் தெருப் பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் திரும்பிவிட வேண்டாம். மனுவைக் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராமசபை இதற்கு ஏற்ற இடம். தீர்மானப் புத்தகத்தில் 'கண்மாய் மீன்பிடிப்போர் பட்டியல்' என்ற ஒரு வரி ஏறினாலே அடுத்த வறட்சியில் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

அடுத்த பசலி ஜூலை 1-ல் பிறக்கிறது. அதற்கு முன்பே மீன்பாசி ஏல அறிவிப்பு வர வேண்டும். உங்கள் ஊரில் அது எங்கே ஒட்டப்படுகிறது என்று பாருங்கள். காலனியின் ரேஷன் கடையிலோ அங்கன்வாடிச் சுவரிலோ ஒட்டும்படி ஊராட்சிச் செயலரிடம் மே மாதமே எழுதிக் கொடுங்கள். எங்கள் ஊரில் கடைசியாக நான் பார்த்த அறிவிப்பு கோயில் மண்டபத் தூணில் இருந்தது. காலனிக்காரர்கள் இன்னும் அந்த மண்டபத்தில் ஏறுவதில்லை.